மஞ்சள் ஊசி எல்லாம் கந்தகம் அல்ல: கரிமக் கனிமத்தைக் களத்தில் அடையாளம் காண்பது எப்படி?

பழைய பாதரசச் சுரங்கம் ஒன்றின் வாசலில் கொட்டிக் கிடக்கும் கழிவுக் கற்களில் ஒன்றைப் புரட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விரிசலுக்குள் வெள்ளை குவார்ட்ஸ் படிகங்கள். அவற்றின் மேல் சிவப்புப் பொட்டுகளாகப் பாதரசத் தாதுவான சாதிலிங்கம். அதை ஒட்டி, சில மில்லிமீட்டர் நீளத்தில் மஞ்சள் ஊசிகள். பார்ப்பவர்களில் பலர் ‘கந்தகம்’ என்று சொல்லிவிட்டுக் கல்லைக் கீழே போட்டுவிடுவார்கள். அநேகமாக அது சரியாகவும் இருக்கும். ஆனால் அந்த ஊசிகள் கார்பதைட் என்ற அரிய கனிமமாகவும் இருக்க வாய்ப்பு உண்டு. 24 கார்பன் அணுக்களும் 12 ஹைட்ரஜன் அணுக்களும் மட்டும் சேர்ந்த, உலோகம் எதுவும் கலக்காத, ஆக்சிஜன்கூட இல்லாத ஒரு ஹைட்ரோகார்பன் அது. வேதியியலில் அந்த மூலக்கூறுக்குக் கொரோனீன் என்று பெயர். புகைக்கரியில் இருக்கும் பொருள்களுக்கு உறவு. அது பாறைக்குள் சுத்தமான படிகமாக வளர்ந்து கிடக்கிறது.

இப்படிப்பட்டவற்றைக் கரிமக் கனிமங்கள் என்கிறோம். கையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு புற ஊதா விளக்கு, கொஞ்சம் பொறுமை இவற்றை வைத்துக்கொண்டு களத்திலேயே எவ்வளவு தூரம் போக முடியும், எங்கே நின்றுகொள்ள வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

முதலில், எது கரிமக் கனிமம்?

கனிமம் என்றாலே கனிமச் சேர்மம், அதாவது உயிர்களோடு தொடர்பில்லாதது என்றுதான் பள்ளிப் பாடங்களில் பெரும்பாலும் படித்திருப்போம். அந்த வரையறை முழுக்கச் சரியல்ல. புதுக் கனிமங்களை அங்கீகரிக்கும் சர்வதேசக் கனிமவியல் சங்கம் கேட்பது வேறு: பொருள் இயற்கையில் உண்டானதா? அதன் உருவாக்கத்தில் புவியியல் நிகழ்வுக்குப் பங்கு உண்டா? அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகமாக இருக்கிறதா? கலவை வரையறுக்கத்தக்கதா? இவற்றுக்கு ‘ஆம்’ என்றால், அது கரிமச் சேர்மமாக இருந்தாலும் கனிமம்தான். இன்று அங்கீகரிக்கப்பட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கனிமங்களில் இந்த வகை நூற்றில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது.

எது சேராது என்பதையும் சொல்லிவிடலாம். அம்பர் மரப்பிசினில் இருந்து வந்தது. ஆனால் அதற்குப் படிக அமைப்பு கிடையாது, நிலையான கலவையும் இல்லை. எனவே கனிமம் அல்ல. நிலக்கரியும் அதே காரணத்தால் வெளியே. வைரமும் கிராஃபைட்டும் வெறும் கார்பன்தான் என்றாலும் அவற்றைக் கரிமச் சேர்மம் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கால்சைட் போன்ற கார்பனேட்டுகளும் அப்படியே. சிறுநீரகக் கல்லின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. அதில் மிகுதியாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட், பாறை விரிசலில் படிகமானால் ஹியூவெலைட் என்ற முறையான கனிமம். உடலுக்குள் உண்டானால் அதே பொருள், அதே படிகம், ஆனால் கனிமம் என்ற அந்தஸ்து மட்டும் கிடைக்காது.

களத்தில் பயன்படும் வகைப்பிரிப்பு என்று பார்த்தால் இரண்டு கூட்டங்களை நினைவில் வைத்தால் போதும். ஒன்று, கரிம அமிலங்களின் உப்புகள். ஹியூவெலைட் இதில் ஒன்று. பழுப்பு நிலக்கரியில் கிடைக்கும் தேன்நிற மெலைட் இன்னொன்று. இரும்பு ஆக்சலேட்டான ஹம்போல்ட்டைன் மூன்றாவது. இவை பார்வைக்கும் தொடுகைக்கும் ஏறக்குறைய சாதாரணக் கல் போலவே நடந்துகொள்ளும். இரண்டாவது கூட்டம் ஹைட்ரோகார்பன்கள்: கார்பதைட், இட்ரியலைட், ஃபிக்டலைட், எவென்கைட், ஹார்ட்டைட். இவை மெழுகும் பிசினும் கலந்த குணம் உடையவை; மென்மையானவை, எடை குறைந்தவை. இந்த இரண்டுக்கும் சோதனைகளே வேறு வேறு. இரண்டிலும் அடங்காத சில தனிப்பிறவிகளும் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து எண்ணெய்க் களிப்பாறையில் கிடைக்கும் ஏபெல்சனைட், பழங்காலப் பச்சையத்தின் மிச்சம். அதன் மூலக்கூறின் நடுவே இருந்த மெக்னீசியத்தின் இடத்தில் நிக்கல் வந்து உட்கார்ந்திருக்கும். நிறமோ ஊதா கலந்த இளஞ்சிவப்பு.

கல்லைப் பார்க்கும் முன் இடத்தைப் பாருங்கள்

புதியவர்கள் நிறத்தில் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கரிமக் கனிமத்தைப் பொறுத்தவரை நிறம் கடைசிச் சாட்சி, இடம்தான் முதல் சாட்சி. காரணம் எளிது. இந்த மூலக்கூறுகள் எங்கிருந்தோ வர வேண்டும். அதற்கு உயிர்ப்பொருள் மக்கிப் புதைந்த படிவுப் பாறை அருகில் இருக்க வேண்டும். அதைப் பதமாகச் சூடாக்கவோ கரைக்கவோ ஏதாவது ஒன்று வேண்டும். சூடு மிஞ்சினால் எல்லாம் கிராஃபைட்டாகவோ வாயுவாகவோ போய்விடும். ஆக, உருவாகும் வாய்ப்புள்ள இடங்கள் சிலதான்.

கார்பதைட்டையே எடுத்துக்கொள்வோம். 1955-இல் இன்றைய உக்ரைனின் மேற்கு ஓரத்தில், கார்பேத்திய மலைப் பகுதியில் கிடைத்ததை வைத்து அது முதலில் விவரிக்கப்பட்டது. பெயரும் அந்த மலையில் இருந்து வந்தது. 1967-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் பெனிட்டோ மாவட்டத்தின் ஒரு பாதரசச் சுரங்கப் பகுதியில் கிடைத்த மஞ்சள் படிகத்துக்குப் பெண்டில்டனைட் என்று தனிப்பெயரே வைத்தார்கள். பிறகு இரண்டும் ஒரே பொருள் என்று தெரிந்ததும் முந்தைய பெயர் நிலைத்தது. இன்று சேகரிப்பாளர்கள் மெச்சும் நல்ல படிகங்கள் இந்தக் கலிபோர்னியப் பகுதியில் இருந்து வந்தவை. அங்கே குவார்ட்ஸ், சாதிலிங்கம் இரண்டும் கூடவே இருக்கும். இட்ரியலைட் என்ற உறவுக்காரக் கனிமத்தின் பெயர் ஸ்லோவேனியாவின் இட்ரியா நகரத்துடையது. அதுவும் பல நூற்றாண்டுகள் ஓடிய, உலகின் மிகப் பெரிய பாதரசச் சுரங்கங்களில் ஒன்று.

ஏன் பாதரசத்தோடு இந்த நட்பு? பாதரசத் தாதுவைப் படியவைப்பது ஆழத்தில் இருந்து ஏறிவரும் வெந்நீர்தான். ஆனால் பொன், செம்பு முதலியவற்றைக் கொண்டுவரும் பல வெந்நீர் ஓட்டங்களைவிட வெப்பம் குறைந்தது. அது கரிமப்பொருள் நிறைந்த படிவுப் பாறைகளின் ஊடாக ஏறும்போது அவற்றில் இருந்து ஹைட்ரோகார்பன்களைக் கறந்துகொண்டு வருகிறது. போகும் வழியில் உறுதியான மூலக்கூறுகள் தப்பிக்கின்றன, மற்றவை சிதைகின்றன. கொரோனீன் மிக உறுதியானது. விரிசலில் நீர் குளிர்ந்ததும் சாதிலிங்கமும் அதுவும் அருகருகே படிகமாகின்றன.

பழுப்பு நிலக்கரிப் படுகை என்றால் எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே தேட வேண்டியவை மெலைட், ஹம்போல்ட்டைன், புதைமரத்தின் பிளவில் இருக்கும் ஹார்ட்டைட். ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் ஆர்ட்டர்ன் என்ற ஊரில்தான் மெலைட் 1789-இல் முதலில் கிடைத்தது; யுரேனியத்தைக் கண்டறிந்த மார்ட்டின் கிளாப்ரோத் 1799-இல் அதைப் பகுத்து, அதற்குள் இருந்த புதிய அமிலத்தை வெளியே எடுத்தார். மக்கிய தாவரங்கள் குவிந்த சதுப்பில் புதைந்த பைன் மரத்துண்டில் மெழுகு போன்ற வெண்படிகம் தெரிந்தால் ஃபிக்டலைட்டை நினைக்கலாம். நிலக்கரிப் படுகைகளின் விரிசலிலும் களிமண் உருண்டைகளின் உட்குழியிலும் பளபளக்கும் நிறமற்ற படிகம் ஹியூவெலைட்டாக இருக்கலாம். பறவை எச்சமோ வௌவால் எச்சமோ நெடுங்காலம் குவிந்த வறண்ட குகைகளில் குவானின், யூரிக் அமிலம் ஆகியவையே கனிமங்களாகக் கிடைக்கும். தஜிகிஸ்தானின் ராவத் என்ற இடத்தில் நிலத்தடியில் நிலக்கரி தானாகவே எரிந்துகொண்டிருக்கிறது. அந்தப் புகை குளிரும் வெடிப்புகளில் கிடைத்த, பினாந்திரீன் என்ற ஹைட்ரோகார்பனின் படிகத்துக்கு ராவதைட் என்று பெயர்.

மறுபக்கமும் உண்டு. கருங்கல் குவாரியில் மஞ்சள் ஊசிக்கொத்து கண்ணில் பட்டால் கார்பதைட் என்று மனக்கோட்டை கட்ட வேண்டாம். அங்கே அது யுரனோஃபேன் போன்ற யுரேனியக் கனிமமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிவதும் நல்லதல்ல.

நகம், கண்ணாடி, உப்புநீர்

இடம் பொருந்துகிறது என்றால் அடுத்தது மென்மை. கீறுகடினத்துக்கான மோஸ் அளவுகோலில் மனித நகம் ஏறக்குறைய 2.5. கார்பதைட் 1.5 அளவில்தான் இருக்கும், நகம் பட்டாலே தழும்பு விழும். மெலைட் 2 முதல் 2.5 வரை, நகத்தோடு மல்லுக்கட்டும். ஹியூவெலைட் 2.5 முதல் 3 வரை. நகத்துக்கு மசியாது, ஆனால் எஃகு ஊசிக்கு உடனே வழிவிடும். இந்தச் சோதனையை அழகான படிகத்தின் முகத்தில் செய்யாதீர்கள். ஏற்கெனவே உடைந்து கிடக்கும் துணுக்கில் செய்யுங்கள். அரிய படிகத்தில் விழுந்த கீறலை எந்த ஆய்வகமும் சரிசெய்து தராது.

பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் கார்பதைட் ஊசியைப் பார்த்தால் நீளவாக்கில் சிலாம்பு சிலாம்பாகப் பிளந்திருப்பது தெரியும். பிளந்த முகம் நன்றாக மின்னும். மெல்லிய துணுக்கை ஊசிமுனையால் தள்ளினால் பட்டென்று முறியாமல் கொஞ்சம் வளையும். கந்தகம் அப்படியல்ல, நொறுங்கும், உடைந்த இடம் சங்கின் உட்புறம் போல வளைந்து பிசின் மினுக்கோடு இருக்கும். தாளகம் என்ற ஆர்சனிக் கனிமமும் மஞ்சள், மென்மை, வளையும் தன்மை மூன்றிலும் ஏமாற்றக்கூடியது. ஆனால் அது ஏடு ஏடாகப் பிரியும். அதன் ஒப்படர்த்தியும் 3.5 அளவில் இருப்பதால் சிறு கட்டிகூடக் கையில் கனமாகத் தெரியும்.

அந்தக் கனம்தான் அடுத்த சாட்சி. கார்பதைட்டின் ஒப்படர்த்தி 1.4 அளவு, கந்தகத்துக்கு 2.07, ஹியூவெலைட்டுக்கு 2.2, மெலைட்டுக்கு 1.6. சாதாரணப் பாறைக் கனிமங்கள் 2.6-ஐ ஒட்டியே இருக்கும் என்பதால், அதைவிட எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்குச் சந்தேகம் வலுக்கும். பாறையோடு ஒட்டிய சின்னப் படிகத்தைக் கையில் தூக்கி எடை சொல்ல முடியாது. உதிர்ந்த துணுக்கு இருந்தால் மட்டும் ஒரு வழி இருக்கிறது. உப்பு இனிமேல் கரையாது என்ற நிலை வரும்வரை கரைத்த நீரின் அடர்த்தி 1.2. அதில் அம்பர் மிதக்கும், மெலைட் மூழ்கும். தேன்நிறம், பிசின் மினுக்கு, பழுப்பு நிலக்கரி என்று எல்லாம் ஒத்துப்போகும் இந்த இரண்டையும் பிரிக்க இதைவிட எளிய சோதனை கிடையாது. எவென்கைட் இன்னும் லேசு, வெறும் தண்ணீரிலேயே மிதந்துவிடும். துணுக்கில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் எதுவும் மிதக்கும். ஒரு துளி சோப்புக் கலந்து, துணுக்கை முழுக்க நனைத்துவிட்டுப் பாருங்கள்.

விளக்கு சொல்வதும் சொல்லாததும்

கார்பதைட்டைத் தேடுபவர்கள் இரவில் ஏன் போகிறார்கள் என்பதற்கான விடை இந்தப் பகுதியில் இருக்கிறது. புற ஊதா விளக்கின் கீழ் அது நீலமாக, சில வேளை நீலப்பச்சையாக, அசரவைக்கும் அளவுக்கு ஒளிரும். பகலில் மங்கிய மஞ்சள் கோடாக இருந்த விரிசல், விளக்குப் பட்டதும் தானே எரிவது போல் தெரியும்.

ஏன் இப்படி? கொரோனீன் மூலக்கூறை ஒரு தேன்கூட்டுத் துண்டாக நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் ஓர் அறுகோண அறை, அதைச் சுற்றி ஆறு. அறைகளின் சுவர்கள் கார்பன் பிணைப்புகள். ஒவ்வொரு கார்பனும் தன் எலக்ட்ரான்களில் ஒன்றைப் பொதுவில் விட்டுவைக்கிறது. அவை எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமில்லாமல் ஏழு வளையங்களிலும் உலவுகின்றன. புற ஊதா ஒளி இந்தப் பொது எலக்ட்ரான்களை மேலே தூக்கிவிடுகிறது. அவை இறங்கி வரும்போது பெற்ற ஆற்றலில் ஒரு பங்கு மூலக்கூறின் அதிர்வில் கழிந்துவிட, மிச்சம் கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாக வெளிவருகிறது. வளையங்கள் கூடுவதும் குறைவதும் மாறி அடுக்கப்படுவதும் ஒளிரும் நிறத்தை மாற்றும். இட்ரியலைட் ஒரே மூலக்கூறு அல்லாமல் உறவுமுறை வளையச் சேர்மங்கள் பல கலந்தது. அதனால் அதன் ஒளிர்வும் துண்டுக்குத் துண்டு நீலவெள்ளை முதல் பச்சை கலந்த மஞ்சள் வரை வேறுபடும்.

கந்தகம் ஒளிராது. தாளகமும் ஒளிராது. ஆகவே பாதரசச் சுரங்கக் கல்லில் மஞ்சள் ஊசி நீலமாக ஒளிர்ந்தால் இரண்டு போலிகளை ஒரே நேரத்தில் விலக்கிவிட்டோம் என்று அர்த்தம். யுரேனியக் கனிமங்களில் ஆட்டுனைட் பளீரென்று ஒளிரும், ஆனால் மஞ்சள்பச்சையாக.

இனி எச்சரிக்கைகள். மலிவாகக் கிடைக்கும் பல விளக்குகள் 395 நானோமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்பவை. அவற்றில் இருந்து ஊதா ஒளியும் நிறைய வரும். வெள்ளைக் கல் எல்லாம் அந்த ஊதாவைத் திருப்பி அனுப்பும், புதியவர் அதை ஒளிர்வு என்று நம்பிவிடுவார். 365 நானோமீட்டர் விளக்கு, அதிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியை வடிகட்டும் கறுப்புக் கண்ணாடி பொருத்தியது, செலவுக்குத் தகுந்த பலன் தரும். குற்றலை எனப்படும் 254 நானோமீட்டர் விளக்கும் இருந்தால் நல்லதுதான், ஆனால் அது கண்ணுக்கும் தோலுக்கும் கேடு. புற ஊதா தடுக்கும் கண்ணாடி அணியாமல் அதைத் தொடக்கூடாது.

ஒளிர்வதெல்லாம் கரிமக் கனிமம் என்றால் வேலை சுலபமாகியிருக்கும். கால்சைட் பல நிறங்களில் ஒளிரும். ஃப்ளூரைட் நீலமாகவே ஒளிரும். குவார்ட்ஸுக்குள் சிக்கிய எண்ணெய்த் துளிகளும் நீலமாகவோ மஞ்சளாகவோ ஒளிர்ந்து குழப்பும். பாறைமேல் படர்ந்த சில லைக்கன்கள், பிளாஸ்டிக் துணுக்கு, பசைக் கறை, சலவைத்தூளின் வெண்மையூட்டி ஏறிய துணி நூல் இவையும் பட்டியலில் உண்டு. தேளும் உண்டு. அதன் மேல்தோல் புற ஊதாவில் நீலப்பச்சையாக மின்னும். இரவில் கற்குவியலுக்குள் ஒளிரும் எதையும் கையை நீட்டி எடுக்கும் முன் அது நகர்கிறதா என்று ஒரு கணம் பார்ப்பது உத்தமம்.

எதிர்த்திசையிலும் தவறு நேரும். ஒளிரவில்லை என்பதால் கரிமக் கனிமம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. எவென்கைட்டில் வளையங்களே இல்லை, நேர்ச் சங்கிலி மட்டும். பொதுவில் உலவும் எலக்ட்ரான்கள் அதற்கு இல்லை. ஏபெல்சனைட்டில் வளையங்கள் இருந்தும் நடுவில் இருக்கும் நிக்கல் ஒளிர்வை அடக்கிவிடுகிறது.

வெப்பமும் அமிலமும்

இங்கே தொடங்கும் முன் ஒரு கட்டாய விதி: சாதிலிங்கமோ தாளகமோ ஒட்டியிருக்கக்கூடிய எந்தத் துணுக்கையும் சூடாக்காதீர்கள். முதலாவது பாதரச ஆவியைக் கிளப்பும், இரண்டாவது ஆர்சனிக் புகையை. பழைய புத்தகங்களில் ஊதுகுழலால் கரித்துண்டின் மேல் கனிமத்தைச் சுட்டு, எழும் வாடையை முகர்ந்து பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அந்தக் காலத்து வேதியியலர்கள் திறமைசாலிகள், சந்தேகமில்லை. அந்தப் பழக்கம் மட்டும் நமக்கு வேண்டாம். அதாவது கார்பதைட்டுக்கு நெருப்புச் சோதனை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது கிடைக்கும் இடமே பாதரசம் நிறைந்த இடம். நாக்கில் வைத்துப் பார்ப்பதும் கூடாது. ஆக்சலேட்டுகளில் நச்சுத்தன்மை உண்டு, பலவளைய ஹைட்ரோகார்பன் தூளும் உடம்புக்கு ஆகாது.

பழுப்பு நிலக்கரி, புதைமரம் போன்ற இடங்களில் கிடைத்தவற்றுக்கு மட்டும் சில நல்ல சோதனைகள் இருக்கின்றன. மெழுகு போன்ற வெண்படிகம் கிடைத்தால் ஒரு துணுக்கை மெல்லிய கண்ணாடிக் குழாயில் போட்டு, அதை வெந்நீர்க் குவளையில் நிறுத்தி வெப்பமானியும் வையுங்கள். ஃபிக்டலைட் 46 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். எவென்கைட் 50 டிகிரியை ஒட்டி உருகும். ஹார்ட்டைட் 70-ஐத் தாண்டினால்தான். நெருப்பே இல்லாமல் மூன்றையும் பிரித்துப் பார்க்க இந்த ஒரு குவளை வெந்நீர் போதும். இயற்கைப் பொருளில் கலப்பு இருக்கும் என்பதால் ஓரிரு டிகிரி முன்பின் இருந்தால் கவலைப்பட வேண்டாம்.

மெலைட்டைச் சுடரில் காட்டினால் அம்பர் போலப் பற்றி எரியாது, பிசின் மணமும் வராது. வெளுத்து, ஒளிபுகாத வெள்ளைக் கட்டியாகிவிடும். அதன் எடையில் கணிசமான பங்கு படிகத்துக்குள் பிணைந்த நீர். வெப்பத்தில் அது வெளியேறுவதால்தான் இந்த வெளுப்பு. ஹம்போல்ட்டைன் மஞ்சளாக இருக்கும். சூடுபட்டதும் கறுத்து, காந்தத்தால் இழுக்கப்படும் இரும்பு ஆக்சைடாக மாறும். மஞ்சள் தூள் கறுப்பாகிக் காந்தத்தில் ஒட்டுவதை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

எனக்குப் பிடித்த சோதனை ஹியூவெலைட்டுடையது. நிறமற்ற, பளபளக்கும், நிலக்கரிப் படுகை விரிசலில் இருக்கும் படிகம் என்றதும் எல்லோரும் கால்சைட் என்பார்கள், சிலர் பேரைட் என்பார்கள். பேரைட் ஒப்படர்த்தி 4.5, எடையே காட்டிக்கொடுத்துவிடும். கால்சைட்டோ நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டுப் பட்டதும் நுரைத்துப் பொங்கும். ஹியூவெலைட் பொங்காது, மெதுவாகக் கரையும், அவ்வளவுதான். இப்போது இன்னொரு துணுக்கை எடுத்துச் சிறு கரண்டியில் வைத்து நன்றாகச் சூடாக்குங்கள். 200 டிகிரிக்குள் நீர் போய்விடும். 500 டிகிரியை நெருங்கும்போது ஆக்சலேட் கார்பன் மோனாக்சைடை விட்டுவிட்டுக் கால்சியம் கார்பனேட்டாகிறது. ஆறவிட்டு அதே அமிலத்தை விடுங்கள். முன்பு சும்மா இருந்த பொருள் இப்போது நுரைத்துப் பொங்கும். வெளியே வரும் மோனாக்சைடு மிகச் சிறிது என்றாலும் இதைத் திறந்த வெளியில் செய்வதே முறை. சூட்டுக்கு முன் பொங்காமை, சூட்டுக்குப் பின் பொங்குதல் என்ற இந்த இரட்டைக் குறியைக் காட்டும் வேறு சாதாரண நிறமற்ற கனிமம் களத்தில் எதிர்ப்படுவது அரிது. கரண்டி நெருப்பு அதிகமாகி 700, 800 டிகிரியைத் தொட்டால் மட்டும் கார்பனேட்டும் சுண்ணாம்பாகிவிடும். அப்போது பொங்கலும் இருக்காது, முடிவும் தவறும்.

களத்தில் எழுத வேண்டியது

இத்தனையும் பொருந்தினாலும் உங்கள் கையில் இருப்பது வலுவான ஊகம்தான். சீட்டில் ‘கார்பதைட்?’ என்று கேள்விக்குறியோடு எழுதுங்கள். பெயரைவிட முக்கியமானது மற்ற விவரங்கள்: எந்த இடம், எந்தப் படுகை, தாய்ப்பாறை என்ன, கூடவே என்னென்ன கனிமம், எந்த விளக்கில் என்ன நிறம், விளக்கை அணைத்த பிறகும் ஒளி நீடித்ததா. பெயர் நாளை மாறலாம், இந்த விவரங்கள் மாறாது. இவை இல்லாத கல்லை வைத்து ஆய்வாளர் எதுவும் செய்ய முடியாது. நில உரிமையாளரிடம் அனுமதி கேட்பது, கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் தனியாக நுழையாமல் இருப்பது ஆகியவற்றைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

உறுதிப்படுத்தும் வேலை ஆய்வகத்துடையது. எளிதான வழி என்று பலரும் நினைப்பது ராமன் நிறமாலை. லேசரை அடித்து, சிதறி வரும் ஒளியில் மூலக்கூறின் அதிர்வுகளைப் படிக்கும் முறை. ஆக்சலேட்டுகளுக்கு அது அருமையாக வேலை செய்யும். கார்பதைட்டிலோ, களத்தில் நமக்கு உதவிய அதே ஒளிர்வு இங்கே குறுக்கே வரும்: தவறான லேசரைத் தேர்ந்தெடுத்தால் மெல்லிய ராமன் கோடுகளை ஒளிர்வு மூழ்கடித்துவிடும். அப்போது நீண்ட அலைநீள அகச்சிவப்பு லேசரையோ, எக்ஸ் கதிர் விளிம்பு வளைவு முறையையோ நாடுவார்கள். பின்னதற்கு ஒரு துளித் தூள் போதும். படிகத்தின் அணு அடுக்கையே அது அளந்து சொல்லிவிடும்.

அதுவரை கல்லைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அசிட்டோன், தின்னர், பெட்ரோல் எதிலும் கழுவாதீர்கள். ஹைட்ரோகார்பன் படிகங்களுக்கு அவை கரைப்பான்கள், கார்பதைட் ஓரளவு தாக்குப்பிடித்தாலும் ஃபிக்டலைட்டும் எவென்கைட்டும் காணாமலே போய்விடும். மெலைட்டை வெந்நீரில் போட்டால் சிதையும். கார்பதைட் வெளிச்சத்தில் கிடந்தால் நாளடைவில் பழுப்பேறும். மென்மையான தூரிகையால் தூசி தட்டி, தனிப் பெட்டியில், இருட்டில், கதகதப்பு இல்லாத இடத்தில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவிட்டுப் போனால், 46 டிகிரியில் உருகும் படிகம் வீடு வந்து சேரும்போது பெட்டியின் அடியில் ஒரு கறையாகத்தான் இருக்கும்.